மூக்கு வழியாக மறுபடியும் ஆபரேஷனா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. நான்கு வருடத்துக்கு முன் பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்றார்கள். இப்போது மறுபடி வளர்ந்திருக்கிறதாம். இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். கதிர்வீச்சே போதும் என்கிறார் சித்தப்பா. பைக்கில் போகும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரிவதில்லை என்று அப்பா சொல்கிறார். என்ன செய்வது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் பைக் சாவியை வாங்கி வையுங்கள். உங்கள் கேள்வியில் அவசரமானது அந்தப் பைக் விஷயம்தான்.

பிட்யூட்டரி பட்டாணி அளவுள்ள சுரப்பி. அதற்கு நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று கடந்து போகின்றன. கட்டி கீழிருந்து முட்டினால் இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும். நேர்ப்பார்வை தப்பித்துவிடுவதால், கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரை படித்துக் காட்டிவிடுவார். அதை நம்ப வேண்டாம். பெரிமெட்ரி என்ற பார்வைப் பரப்புச் சோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

'மறுபடி வளர்ந்தது' என்று சொன்னாலும், பெரும்பாலும் அது அன்றே விட்டுவைத்த மிச்சம்தான். சுரப்பியின் இரு பக்கமும் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற பகுதிக்குள் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் ஓடுகின்றன. கட்டி அதற்குள் நுழைந்திருந்தால் தெரிந்தேதான் கொஞ்சம் விட்டுவருவோம். அதைச் சுரண்டப் போய் ரத்தக்குழாய் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே முதல் ஆபரேஷனுக்குச் சில மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. மிக முக்கியம். அலமாரி, பரண் எல்லாம் தேடி அந்த சி.டி.யை எடுங்கள். அதை இன்றைய படத்தின் பக்கத்தில் வைத்தால்தான் வளர்ச்சியின் வேகம் தெரியும்.

சித்தப்பா சொல்வது முழுத் தவறில்லை, வரிசைதான் மாறிவிட்டது. கதிர்வீச்சு வளர்ச்சியை நிறுத்தும், ஆனால் நசுங்கும் நரம்பை உடனே விடுவிக்காது. காமா நைஃப் போன்ற ஒரே நாள் சிகிச்சைக்கு, கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் நடுவே பொதுவாக 3 மி.மீ. அளவாவது இடைவெளி வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது இருக்க வாய்ப்பில்லை. ஆபரேஷன்தான் அந்த இடைவெளியை உண்டாக்கும். மீதியைக் கதிர்வீச்சிடம் விடலாம், அல்லது ஸ்கேனில் கண்காணிக்கலாம். 'முழுசா எடுத்துடுவீங்களா டாக்டர்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியது 'நரம்பு விடுபடுமா?' என்பதுதான்.

மூக்கு வழியாக மறுபடி போக முடியும், முன்பு போல் சுலபமில்லை. எங்களுக்கு வழிகாட்டும் எலும்பு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். தழும்புத் திசு எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும். கட்டியை எடுக்கப் போட்ட ஓட்டையை மூட உதவும் மூக்கு உட்சவ்வும் ஏற்கெனவே செலவாகியிருக்கலாம். ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மறு ஆபரேஷன்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் கேட்கத் தயங்க வேண்டாம். கட்டி பக்கவாட்டில் வெகுதூரம் பரவியிருந்தால் மண்டையோட்டைத் திறக்க வேண்டிவரும்.

ஆபரேஷனுக்கு முன் ஹார்மோன்களைப் பார்த்தாக வேண்டும். புரோலாக்டின் மிக அதிகமிருந்தால் மாத்திரையிலேயே கட்டி சுருங்கக்கூடும். கார்டிசோல், தைராய்டு இரண்டும் குறைவென்றால் கார்டிசோல் மருந்தை முதலில் தொடங்க வேண்டும். தைராய்டு மாத்திரையை முந்திக் கொடுத்தால் ஆபத்து.

வீடு திரும்பிய பின் குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் போல் சொட்டினால், சளி என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ஒரு வாரம் கழித்துக் குமட்டல், தலைவலி, குழப்பம் வந்தால் ரத்தத்தில் சோடியம் பாருங்கள். ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசோல் குறைவை ஈடுகட்டும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு வேளைகூட விடக்கூடாது. காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான்.