கோமாரி: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

மாதவரம் பக்கம் ஒரு கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாடுகளுக்கு வாயிலும் காலிலும் கொப்புளம் போடும் கோமாரி நோய் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை பால்காரர்: நான்கு மாடு வைத்திருக்கிறேன் சார். ஒன்று நேற்றிலிருந்து தீவனம் தொடவில்லை. எச்சில் நூல்நூலாக ஒழுகுகிறது, காலை உதறுகிறது. ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகுமா?

கோமாரி மாதிரிதான் தெரிகிறது அண்ணே. பக்கத்தில் நின்று கேளுங்கள், சப்புக்கொட்டுகிற சத்தம் வரும். வாயைத் திறந்தால் நாக்கில் கொப்புளம் உடைந்து, மேல்தோல் நனைந்த காகிதம் போலக் கையோடு வந்துவிடும். குளம்புப் பிளவிலும் காம்பிலும் பாருங்கள்.

வைரஸைக் கொல்ல ஊசி கிடையாது. டாக்டர் ஆன்டிபயாடிக் போட்டால் அது புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்கத்தான். வாயை இளஞ்சிவப்பாகக் கரைத்த பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவுங்கள். ஆறிய கேழ்வரகுக் கூழ் கொடுங்கள், வைக்கோலை மெல்ல முடியாது. காலைக் கழுவி வேப்பெண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். கன்று இருந்தால் இன்றைக்கே தாயிடமிருந்து பிரித்துவிடுங்கள். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கன்றுக்கு இந்த வைரஸ் இதயத் தசையில் இறங்கும். கொப்புளமே வராமல், நின்ற இடத்தில் விழுந்து செத்துப்போகும்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துச் சந்துகளில் வாசலுக்கு வாசல் கழனித்தண்ணீர்த் தொட்டி இருக்கும், தெருவில் போகிற மாடெல்லாம் வாய் வைக்கும். உங்கள் மாட்டை அவிழ்த்து விடாதீர்கள். மற்ற மூன்றுக்கும் தொற்று ஏற்கெனவே போயிருக்கலாம், வெளியே தெரிய 2 முதல் 14 நாள் ஆகும்.

வியாசர்பாடியிலிருந்து: முகாமில் தடுப்பூசி போட்டு, காதுவில்லையும் மாட்டினார்கள். அப்படியும் வந்துவிட்டது. பிறகு எதற்கு ஊசி?

கோபம் நியாயம்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இது ஒரே வைரஸ் இல்லை. ஓ, ஏ, சி, ஆசியா 1, ஆப்பிரிக்காவின் மூன்று சாட் வகைகள் என ஏழு இருக்கின்றன. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. நம் ஊர் ஊசியில் ஓ, ஏ, ஆசியா 1 மூன்றும் இருக்கும். முன்பு சி வகையும் இருந்தது. 1995க்குப் பிறகு இந்தியாவில் அது தென்படாததால் எடுத்துவிட்டார்கள். ஒரே வகைக்குள்ளும் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கொப்புளத் தோலை எடுத்து எந்த வகை என்று ஆய்வகத்தில் பார்க்கிறோம். பழைய ஊசி புது வைரஸைப் பிடிக்கவில்லை என்றால் ஊசிக்கான வைரஸையே மாற்ற வேண்டும்.

ஆனால் நான் பார்த்த வரை பெரும்பாலும் தவறுவது ஐஸ் பெட்டியில்தான். ஊசி மருந்தில் இருப்பது கொல்லப்பட்ட முழு வைரஸ். அதன் ஓடு பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்த பந்து. பந்து முழுசாக இருந்தால்தான் மாட்டின் உடம்பு அதை அடையாளம் காணும். சூடு பட்டால் பன்னிரண்டாகப் பிரிந்துவிடும். மருந்தின் நிறம் மாறாது, குப்பி அப்படியே இருக்கும், பலன் மட்டும் போய்விடும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்தாலும் கெட்டது.

நாள் கணக்கும் உண்டு. எதிர்ப்பு வர இரண்டு வாரமாவது ஆகும். கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டாவதை விட்டவர்கள்தான் அதிகம். ‘ஒரு நாள் பால் குறையும்’ என்று முகாம் அன்றைக்கு மாட்டை மறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். குறைவது உண்மைதான், இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும்.

பெரம்பூர் அம்மா ஒருவர்: என் பெண்ணுக்குக் கை, கால், வாயில் கொப்புளம். பக்கத்து வீட்டு மாட்டிடமிருந்து வந்ததா?

இல்லை அம்மா. கோமாரியை ஆங்கிலத்தில் ‘ஃபுட் அண்ட் மவுத்’ என்பார்கள், குழந்தைக்கு வருவதை ‘ஹேண்ட், ஃபுட் அண்ட் மவுத்’ என்பார்கள். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வந்த குழப்பம். குழந்தைகளுக்கு வருவது காக்ஸாக்கி, என்டிரோவைரஸ் வகைகளால். பள்ளியில் பிள்ளைக்குப் பிள்ளை பரவும். மாட்டின் வைரஸ் மனிதருக்கு வருவது மிக அபூர்வம், வந்தாலும் லேசாகப் போய்விடும். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். இரண்டும் ஒரே பிகோர்னா குடும்பம் என்பது உண்மை. போலியோவும், சளி பிடிக்க வைக்கும் ரைனோவைரஸும் அதே குடும்பம்தான்.

தண்டையார்பேட்டை கல்லூரி மாணவர்: பிகோர்னா என்றால் என்ன ஐயா? யார் கண்டுபிடித்தது?

பிகோ என்றால் மிகச் சிறியது, ஆர்என்ஏ சேர்ந்து பிகோர்னா. ஏறக்குறைய 30 நானோமீட்டர். ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ரோஷும் கொப்புள நீரைப் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் விட்டார்கள். வெளியே வந்த தெளிந்த நீரும் கன்றுக்கு நோய் தந்தது. 1898. விலங்குகளில் வைரஸ் என்று தெரியவந்த முதல் நோய் இதுதான். ஓ என்பது பிரான்ஸின் உவாஸ் பகுதி, ஏ என்பது ஜெர்மனிக்குப் பிரெஞ்சுப் பெயரான ஆல்மாஞ். வைரஸுக்கு ஊர்ப் பெயர் வைக்கும் வழக்கம் புதிது இல்லை, தம்பி.

ரெட்டேரி: கொட்டகையை ஃபினாயிலால் கழுவினேன். போதுமா?

போதாது. சாணமும் சேறும் இருக்கும் தரையில் ஃபினாயிலுக்கு இந்த வைரஸ் அவ்வளவாக அசையாது. சலவைச் சோடா வாங்குங்கள், லிட்டருக்கு 40 கிராம். முதலில் சாணத்தை வழித்துவிட்டு ஊற்றுங்கள். மேலே சொன்ன வைரஸ் ஓடான பந்து காரத்திலும் உடையும், புளிப்பிலும் உடையும். வெட்டிய மாட்டின் தசை இறைச்சியில் தானாகவே புளிப்பு ஏறி வைரஸ் சாவது அதனால்தான். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டியிலும் அது பிழைத்திருக்கும். புளியந்தோப்பிலிருந்து ஒருவர் கறி பற்றிக் கேட்டதற்கும் இதுதான் பதில். நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம். கழிவைத் தெருவில் போடாதீர்கள்.

கொடுங்கையூர்: போன வருடம் கோமாரி வந்து குணமான பசு, இப்போது வெயில் ஏறினாலே நாய் மாதிரி மூச்சிரைக்கிறது. முடி நீளமாக வளர்கிறது. பாலும் பழையபடி இல்லை.

நோய் விட்டுப் போன தழும்பு அது. உடல் சூட்டை அடக்கும் திறன் கெட்டிருக்கிறது. நிழலும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், முழுதாகத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன்.

விற்க நினைத்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குணமான மாட்டின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில், சில மாடுகளில் வருடக்கணக்கிலும் தங்கியிருக்கும். மணலிக்காரர் ஒருவர் ஆந்திராவிலிருந்து வாங்கிய மாட்டை உடனே மற்றவற்றோடு கட்டலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. இரண்டு மூன்று வாரம் தனியாக, தனி வாளியோடு கட்டுங்கள். ஊசியால் வந்த எதிர்ப்பா, நோயால் வந்ததா என்று பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை உண்டு. டாக்டரிடம் கேட்டால் ரத்தம் எடுத்து அனுப்புவார்.