ஆன்டிக்கா, விண்டேஜா? விருந்தினர் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியை வெளிநாட்டு விருந்தினர் தங்குவதற்காகத் தயார் செய்கிறோம். வாசல் பலகை, அறைக் குறிப்பு, சாப்பாட்டு அட்டை, விற்பனைக்கு வைக்கும் பழைய சாமான்களின் விலைச் சீட்டு எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆன்டிக் – விண்டேஜ், ரெஸ்டோர்டு – ரெனவேட்டட், ஹிஸ்டாரிக் – ஹிஸ்டாரிகல், ஹாட் – ஸ்பைசி என்று வரும்போது குழப்பமாக இருக்கிறது. அகராதியில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை எங்கே போடுவது?

பதில்: அகராதிப் பொருளை மட்டும் வைத்து இவற்றைப் பிரிப்பது கடினம். அந்தச் சொல்லைப் படித்தவர் எதை எதிர்பார்த்து வருவார் என்று யோசியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். எழுதியதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் இடைவெளி விழுந்தால், எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் விருந்தினருக்கு மனம் ஒப்பாது.

முதலில் விலைச் சீட்டைச் சரிசெய்யுங்கள். மற்ற இடங்களில் சொல் தவறினால் பெயர்தான் கெடும். இங்கே சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆன்டிக் என்றால் 100 ஆண்டுக்குக் குறையாத வயது என்பது உலக அளவில் வணிக வழக்கு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் அதே 100 ஆண்டைத்தான் அளவாக வைத்திருக்கிறது. அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டு. அப்படிப்பட்ட தொல்பொருளை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆக, 1950-களில் வாங்கிய எனாமல் தூக்குச்சட்டிக்கு ஆன்டிக் என்று சீட்டு ஒட்டினால் தகவலும் பொய்யாகிறது, வாங்கிய விருந்தினர் விமான நிலையத்தில் பதில் சொல்லவும் நேரலாம்.

அந்தத் தூக்குச்சட்டிக்கு உரிய சொல் விண்டேஜ். 100 ஆண்டு ஆகவில்லை, ஆனால் தன் காலத்தின் சாயலைக் காட்டும் அசல் பொருள் என்று அதற்கு அர்த்தம். பழைய பாணியில் இப்போது செய்த பொருளுக்கு ரெட்ரோ அல்லது ரீப்ரொடக்‌ஷன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மர அலமாரியும் புதிதாகச் செய்து சாயமேற்றிய அலமாரியும் அடுத்தடுத்து நிற்கும். அங்கே வாங்கிவந்து வைத்திருந்தால் எது எந்த வகை என்று விசாரித்துத் தெரிந்த பிறகே எழுதுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் ‘சிர்கா 1940’ என்று போடலாம். ‘சுமார்’ என்று பொருள். அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் ‘ஓல்டு’ போதும். அது எளிய சொல்தான், ஆனால் நேர்மையான சொல்.

சுவரில் மாட்டிய சாமி படங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில் 1894 முதல் கல்லச்சில் வண்ணமேற்றி அச்சான படங்கள் ஓலியோகிராஃப்கள். அவற்றை பெயின்டிங் என்று எழுதக் கூடாது. பெயின்டிங் என்றால் கையால் தீட்டியது மட்டுமே. தஞ்சாவூர்ப் படம் இருந்தால் அதற்கு அந்தச் சொல்லைத் தாராளமாகப் போடலாம்.

அடுத்தது வீடு. ரெஸ்டோர்டு என்றால் இருந்தது இருந்தபடியே, கூடியவரை அதே பொருளையும் அதே முறையையும் கொண்டு மீட்டது. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் மறுபடி சுண்ணாம்பே பூசியிருந்தால் அது ரெஸ்டோர்டு. சிமென்ட் பூசியிருந்தால் ரெனவேட்டட்தான். விவரம் தெரிந்த விருந்தினர் சுவரைத் தொட்டுப் பார்த்தே கேட்பார். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பிக் கழன்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வண்ணமும் மெத்தையும் விளக்கும் மட்டும் மாற்றிய அறைக்கு ரெஃபர்பிஷ்டு சரி. புதிதாக ஒன்றும் சேர்க்காமல், இருப்பது மேலும் கெடாதபடி காப்பது கன்சர்வ்டு. ஒரே வீட்டில் இத்தனையும் இருக்கும் என்பதால் வீடு முழுவதற்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள். வளவும் (உள்முற்றம்) தூண்களும் ரெஸ்டோர்டு, குளியலறைகள் புதியவை என்று பிரித்து எழுதினால் குறையாகத் தெரியாது, நம்பிக்கைதான் கூடும்.

ஹெரிட்டேஜ் என்று போடுவதில் தவறில்லை. ‘வேர்ல்டு ஹெரிட்டேஜ் சைட்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான் சேர்ந்தன. அதற்கு ‘டென்டேட்டிவ் லிஸ்ட்’ என்று பெயர். பரிசீலனைக்காக நாடு முன்வைத்தது என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. பேலஸ் என்ற சொல்லையும் தவிர்க்கலாம். படிப்பவர் மனத்தில் ராஜா குடும்பம் வந்து நிற்கும். நகரத்தார் வீட்டுக்கு மேன்ஷன் பொருந்தும்.

ஹிஸ்டாரிக் என்பது வரலாற்றில் இடம்பெறத் தக்கது. ஹிஸ்டாரிகல் என்பது கடந்த காலத்தைச் சார்ந்தது, அவ்வளவுதான். வீடு ஹிஸ்டாரிக், வீட்டிலுள்ள பழைய கணக்கேடுகள் ஹிஸ்டாரிகல்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல்லை செராமிக் என்றோ கிளேஸ்டு என்றோ எழுதுவது பெரும் பிழை. அந்த இரண்டு சொல்லும் சூளையில் சுட்டதைக் குறிக்கும். ஆத்தங்குடிக் கல் சுடப்படுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வார்கள். மினுமினுப்பு வருவது அந்தக் கண்ணாடியின் வழவழப்பிலிருந்து. ‘ஹேண்ட்மேட் சிமென்ட் டைல்’ என்பதே சரியான பெயர்.

சாப்பாட்டு அட்டையில் மிகுந்த கவனம் வேண்டும். ஹாட் என்றால் சூடு, காரம் இரண்டும் ஆகும். ஸ்பைசி என்றால் பெரும்பாலானோர் காரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். பட்டை, சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ மணக்கும், ஆனால் காரம் குறைந்த குழம்புக்கு ஸ்பைஸ்டு என்று எழுதுங்கள். இந்தச் சிறு வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் காரத்துக்கு அஞ்சுகிறவர் நல்ல குழம்பைத் தொடாமலே போய்விடுகிறார். அகராதியில் காரத்துக்கு எதிரே பஞ்சென்ட் என்று இருக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள், பலருக்கு அது மூக்கைத் துளைக்கும் நெடி. பெப்பர் என்று மட்டும் போட்டால் அமெரிக்கர் குடைமிளகாயையும் நினைக்கலாம் என்பதால் மிளகுக்கு ‘பிளாக் பெப்பர்’, மிளகாய்க்கு ‘சில்லி’. கிரேவி என்றால் பிரிட்டனிலிருந்து வருபவருக்கு இறைச்சிச் சாற்றில் செய்த பழுப்புச் சாறு. நம் குழம்புக்கு ஆங்கிலத்தில் ‘கர்ரி’ என்றே எழுதலாம், பக்கத்தில் ‘குழம்பு’ என்ற பெயரும் இருக்கட்டும்.

மெஸ், ஹோட்டல் என்ற சொற்களை நாம் சாப்பாட்டுக் கடைக்குப் பயன்படுத்துகிறோம். அவர்களுக்கு ஹோட்டல் தங்குமிடம், மெஸ் பெரும்பாலும் அலங்கோலம். வழிகாட்டிக் குறிப்பில் ரெஸ்டாரன்ட் என்று மாற்றிவிடுங்கள். காலைச் சாப்பாடு கட்டணமில்லை என்பதற்கு காம்ப்ளிமென்டரி என்று எழுதும்போது ‘எல்’லுக்கு அடுத்து ‘ஐ’ வர வேண்டும். அங்கே ‘இ’ எழுதினால் ஒன்றையொன்று நிறைவு செய்வது என்று பொருள் மாறிவிடும்.