ஒரு அடி இறங்கினால் நாற்பது அடி ஏறும்

(தூத்துக்குடியில் பள்ளி வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் தண்ணீர் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி, முழுக்க மணல் பூமி. 12 அடிக் கிணற்றில் தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கும். கோடைக்குப் போதவில்லை என்று 90 அடிக்கு போர் போட்டோம். வாயில் வைக்க முடியாத உப்பு. செடிக்காவது ஆகட்டும் என்று ஒரு வருடம் ஓட்டினோம். இப்போது கிணறும் கரிக்கிறது. ஆழம் போனால் நல்ல தண்ணீர் வரும் என்றுதானே சொல்கிறார்கள்?
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்த போர் மோட்டாரை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவுக்குத் தண்ணீர் எடுத்து, இரண்டு கரண்டி உப்பும் ஒரு துளி சொட்டு நீலமும் கலக்குங்கள். அதன் மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் வழிய நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கீழே நீலம், மேலே தெளிவு என்று கோடு போட்ட மாதிரி நிற்கும். உங்கள் வீட்டுக்குக் கீழேயும் இதே கதைதான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் என்பது மலையடிவார ஊர்களில் சரியாக இருக்கலாம். கடலோர மணலில் ஆழம் என்றால் உப்பு.

எவ்வளவு ஆழத்தில்? ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. கடல் தண்ணீர் ஒரு கிலோ 25 கிராம். அந்த 25 கிராமில்தான் எல்லாம் இருக்கிறது. 40 அடி உப்புத் தண்ணீரும் 41 அடி நல்ல தண்ணீரும் சம எடை. அதனால் உங்கள் கிணற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு அடி உயரத்தில் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர். அதற்குக் கீழே உப்பு. ஹாலந்துக்காரர் பேடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். (நடுவில் களிமண் படுகை இருந்தால் கணக்கு மாறும். நீங்கள் முழுக்க மணல் என்கிறீர்கள்.) 90 அடி போர் நேராக உப்புக்குள்தான் இறங்கியிருக்கிறது.

இதன் மறுபக்கம்தான் பயமானது. இறைத்து இறைத்து நீர்மட்டம் நிரந்தரமாக ஒரு அடி இறங்கிவிட்டால், அடியில் உப்பு காலப்போக்கில் 40 அடி மேலே வந்துவிடும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. ஆச்சி காலத்தில் வாளி போட்டு இறைத்தவரை கிணறு நன்றாகத்தான் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து, முதல் சேமிப்பில் ஆசையாக மோட்டார் வாங்கி மாட்டினேன். மூன்றாவது கோடையில் ஆச்சி சோறு வடித்த கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு போட்டியா?" என்று கேட்டாள். நான் போடவில்லை. அந்தக் கிணறு அதற்குப் பிறகு தேறவே இல்லை. வேதியியல் படித்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

தனுஷ்கோடியில் பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி, ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக முகந்து குடத்தை நிரப்புவார்கள். மேலாக இருப்பதை மட்டும், அலுங்காமல் எடுக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். சின்ன மோட்டார், சிறிது நேரம், மறுபடி ஊற விடுவது. மொட்டை மாடி மழைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்கே விடுங்கள். போர்க் குழியை முறையாக மூடிவிடுங்கள். இரண்டு மூன்று ஐப்பசி, கார்த்திகை மழையாவது நன்றாகப் பெய்ய வேண்டும். பொறுமை வேண்டும் அம்மா.

கேள்வி: கடல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குடிக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: கூடாது. கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் கெட்டிப்படும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற நம் சிறுநீரகத்துக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். குடித்ததைவிட அதிகம் இழப்பீர்கள். அந்த ஆவியைப் பிடித்துக் குளிர வைத்தால், அது நல்ல தண்ணீர்.

கேள்வி: சமையல் உப்பைக் கரைத்தால் கரிக்க மட்டும் செய்கிறது. கடல் தண்ணீர் கசக்கவும் செய்கிறதே?
– மாணவி, திருச்செந்தூர்

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறாய், கண்ணு. அந்த 35 கிராமில் சமையல் உப்பு சுமார் 27 கிராம்தான். கசப்பு மக்னீசியத்தால் வருவது. என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தித் தண்ணீரில் கண்ணாடி மானியை மிதக்க விட்டு டிகிரி பார்ப்பார் (சூடு அல்ல, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் டிகிரி). கடல் தண்ணீரில் மூன்று, மூன்றரை காட்டும். வெயிலில் வற்றி 25 டிகிரி வந்ததும் உப்பு பூக்கும். 30ஐ நெருங்குவதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மக்னீசியமும் உப்போடு சேர்ந்து, உப்பு கசக்கும், சீக்கிரம் கசிந்துவிடும். அந்த மிச்சத் தண்ணீரில் ஒரு சொட்டை அப்பா என் நாக்கில் வைத்துக் காட்டினார். அந்தக் கசப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கேள்வி: விதை நெல்லை முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள். கடல் தண்ணீரே போதாதா?
– விவசாயி, வேதாரண்யம்

பதில்: போதாது. புது முட்டை கடல் தண்ணீரில் மூழ்கிவிடும். முட்டை மேலே வந்து நாலணா அகலம் தெரியும்வரை உப்பைக் கரையுங்கள். அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், திரண்ட மணி அடியில் நிற்கும். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் முளைப்பு கெடும்.