வாசகர் கேள்வி – பதில்: கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 15 வயது; பத்தாம் வகுப்பு படிக்கிறான். சென்ற ஆண்டு வரை அப்பாவோடு ஆற்றுக்குப் போய்க் குளித்து வந்தவன், இப்போது பள்ளி விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு 12 மணி வரை விழித்திருக்கிறான்; காலை ஐந்தரை மணி டியூஷனுக்காக ஐந்து மணிக்கு அவனை எழுப்புவதற்குள் வீடு இரண்டுபட்டுவிடுகிறது. கையில் புதிதாக ஒரு வண்ணக் கயிறு. கேட்டால், "எல்லாப் பயலுவளும் கட்டியிருக்கானுவம்மா" என்கிறான். பிள்ளை கைவிட்டுப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எழுதியிருப்பவற்றில் கதவும் தூக்கமும் எனக்குக் கவலை தரவில்லை, கயிறு தருகிறது.

உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, பதின்ம வயதில் முன்பைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் படுப்பான், தூக்கம் வராது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். உங்கள் மகனுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். சோம்பேறி என்று நாம் ஏசுவதில் பாதி, தீராத தூக்கம்தான். டியூஷனை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட வேண்டும் என்று விதித்தால், உங்களுடையதும் அவன் அப்பாவுடையதும் அங்கேயே இருக்கட்டும்.

கதவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குரல் உடைந்து, மீசை அரும்பி, தன் உடம்பே தனக்குப் புதிதாகிவிட்ட பிள்ளைக்குச் சற்று மறைவு வேண்டும். தட்டிவிட்டு உள்ளே போங்கள். சாப்பாடும் விளையாட்டும் வேண்டாமென்று இரண்டு வாரத்துக்கு மேல் ஒடுங்கிக் கிடந்தால் மட்டும், டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.

பரபரப்பையும் பாராட்டையும் நாடும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் முழு வேகத்தில் இயங்குகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்துத் தடுக்கும் முன்நெற்றிப் பகுதியோ 25 வயதை ஒட்டித்தான் முதிர்ச்சி பெறுகிறது. நம் தாமிரபரணிப் படித்துறைகளில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். தனியாக வருகிற பையன் படியில் நின்று, காலால் ஆழம் பார்த்து இறங்குவான்; கூட்டாளிகள் நான்கு பேர் கரையில் நின்றுவிட்டால், அதே பையன் கல்மண்டபத்தின் மேலேறித் தலைகீழாகப் பாய்வான். அமெரிக்க ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தபோதும், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் பதின்ம வயதினர் கூடுதலாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை.

கூட்டாளிகளின் கண்ணில் தான் ஓர் ஆளாக வேண்டும் என்கிற இந்தப் பசியைத்தான் கயிறு பிடித்துக்கொள்கிறது. கோயில் கயிறென்றால் வருத்தமில்லை. ஆனால் எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்பது நம் மாவட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, இத்தகைய கயிறுகளைப் பள்ளிகளில் தடுக்க வேண்டுமென்று 2024-ல் பரிந்துரைத்தது. அதற்காக, நண்பர்கள் முன்னிலையில் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். மறுநாள் இரண்டு கயிறு கட்டி வருவான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையில் அதே நிறம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அது கழன்ற பிறகு அவனிடம் பேசுங்கள். கூட்டம் வேண்டாமென்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. வேறு கூட்டம் கிடைக்க வேண்டும். கபடிக் குழுவோ, சாரணர் இயக்கமோ, எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேருகிற இடமாக அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி ஆற்றுக்கு அழைக்கட்டும். வரமாட்டேன் என்றாலும் அடுத்த ஞாயிறும் அழைக்கட்டும்.

கேள்வி: என் பேத்திக்கு 14 வயது முடியப் போகிறது. கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் சடங்கு முடிந்துவிட்டது. இவள் இன்னும் ஆளாகவில்லை.
– ஓர் ஆச்சி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, பெண் பிள்ளைகளுக்கு மார்பு வளர்ச்சி 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குவது இயல்பு, அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் வரும். வளர்ச்சி தொடங்கியிருந்தால் 15 வயது வரை பொறுத்திருக்கலாம். சிறிதும் தொடங்கவில்லையென்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். விசேஷ வீடுகளில் அவளை வைத்துக்கொண்டு இதைப் பேசுவதை மட்டும் நிறுத்துங்கள். அவள் அம்மா எந்த வயதில் ஆளானாள் என்பதை நினைவுபடுத்தி வையுங்கள். மருத்துவர் அதைக் கேட்பார்.