எந்த ‘நிறுத்தம்’? அமெரிக்க இரவு ஷோ செய்திகளைப் படிப்பது பற்றிக் கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நியூயார்க் பையர் ஆபீஸ் திறக்கும்போது நமக்குப் பொழுது சாய்ந்துவிடும். சாம்பிள் அப்ரூவல் மெயிலுக்குக் காத்துக் கிடந்த இரவுகளில் பிடித்த பைத்தியம்தான் இந்த லேட் நைட் காமெடி ஷோக்கள். போகப்போக ஷோவைவிட, அதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதுதான் எனக்கு ருசியாகிவிட்டது. பழகிய வட்டத்தில் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பல்லடம்: ஏனுங்கண்ணா, இந்த ஷோ எல்லாம் நம்ம நேரத்துக்கு எப்ப வருதுங்க? நேரலைங்களா?

நியூயார்க்கில் இரவு 11.35 என்றால் நமக்கு மறுநாள் காலை 9.05. அவர்கள் குளிர்காலத்தில் 10.05. நேரலை இல்லைங்க, சாயங்காலமே ஆட்களை உட்கார வைத்து எடுத்துவிடுவார்கள். காமெடியன் ஜிம்மி கிம்மலின் ஷோ பெயரிலேயே ‘லைவ்’ இருக்கிறது. 2003இல் தொடங்கியபோது நேரலைதான், அப்புறம் பதிவுக்கு மாறிவிட்டது. அதனால் ‘நேற்றிரவு கொந்தளித்தார்’ என்று செய்தி வந்தால், அது எழுதி, திருத்தி, ஒத்திகை பார்த்து வந்த கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கோபி, கல்லூரி மாணவி: கிம்மல் ஷோவையே நிறுத்திட்டாங்கன்னு படிச்சேனுங்க. ஒரே வாரத்துல திரும்ப வந்துட்டார். யார் சொன்னது பொய்?

இதில் நானே ஏமாந்தவன் தங்கச்சி. 2025 செப்டம்பர் 18 காலை டீக்கடையில் போனைப் பார்த்தேன். ‘நிறுத்தம்’ என்று ஒரே வார்த்தை. அன்று சாயங்காலம் பையரிடம் பெரிய விவரக்காரன் மாதிரி “உங்க ஷோ ஒண்ணு முடிஞ்சு போச்சே” என்றேன். “முடியவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள்” என்று திருத்தினார்.

கோளாறு பாதி நம் மொழிபெயர்ப்பில். காலவரையின்றி ஒளிபரப்பை நிறுத்தி வைப்பது வேறு, ஷோவை ஒழித்துக்கட்டுவது வேறு. இரண்டுக்கும் ‘நிறுத்தம்’ என்றே தலைப்புப் போட்டால் படிக்கிறவருக்கு என்ன தெரியும்? ‘இடைநிறுத்தம்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இடம் அடைக்கும் என்று விட்டுவிடுகிறார்களோ என்னவோ.

நடந்தது இதுதான். வலதுசாரி அரசியல் பேச்சாளர் சார்லி கிர்க் கொலையை ஒட்டிய அரசியலைப் பற்றி 15ஆம் தேதி கிம்மல் பேசினார். 17ஆம் தேதி அரசின் ஒலிபரப்பு ஆணையத் தலைவர் பிரெண்டன் கார் மிரட்டல் தொனியில் கருத்துச் சொன்னார். அன்றே ஊர் ஊருக்கு டிவி நிலையம் வைத்திருக்கும் நெக்ஸ்டார் நிறுவனம் தன் நிலையங்களில் ஷோவைப் போடமாட்டோம் என்றது, கிம்மல் ஷோவைத் தரும் ஏபிசி டிவி அதை நிறுத்தி வைத்தது. 23ஆம் தேதி கிம்மல் திரும்பினார். அன்று பார்த்தவர்கள் சுமார் 62 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது.

பொள்ளாச்சி: ஷோ ஏபிசியோடது. நெக்ஸ்டார் எப்படீங்க தடுக்க முடியும்?

படத்தைச் சென்னையில் எடுக்கிறார்கள். கோவை ஏரியா உரிமையை வாங்கினவர் “நான் ரிலீஸ் பண்ணல” என்றால் இங்கே எந்தத் தியேட்டரில் ஓடும்? கிட்டத்தட்ட அதேதான். ஏபிசி நிகழ்ச்சியைத் தருகிறது. ஊர் ஊருக்கு இருக்கும் நிலையங்களில் பெரும்பாலானவை வேறு கம்பெனிகளின் சொத்து. நெக்ஸ்டாரும் சின்கிளேரும் அப்படிப்பட்ட ஏரியாக்காரர்கள். கிம்மல் திரும்பிய நாளிலும் அவர்கள் ஊர்களில் ஷோ வரவில்லை. 26ஆம் தேதிதான் இறங்கி வந்தார்கள்.

செய்தியின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்த ஒன்றையும் சொல்கிறேன். டெக்னா என்ற நிலையக் கம்பெனியை வாங்க நெக்ஸ்டார் அப்போது அதே ஆணையத்தின் அனுமதிக்குக் காத்திருந்தது. இதை முதல் பத்தியில் போட்ட பத்திரிகைக்கு என் மரியாதை.

ஈரோடு, ஜவுளிக்கடைக்காரர்: ஸ்டீபன் கோல்பேர் ஷோவ நஷ்டத்துலதான் மூடறாங்களா தம்பி, இல்ல அரசியலா?

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கண்ணா. கோல்பேர் ஷோ சிபிஎஸ் டிவியுடையது. அந்த டிவியின் ‘60 நிமிட்ஸ்’ செய்தி நிகழ்ச்சியில் வந்த ஒரு பேட்டிக்காக டிரம்ப் போட்ட வழக்கில் அவருக்கு 1.6 கோடி டாலர் தர சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட் ஒப்புக்கொண்டது. 2025 ஜூலை 14 அன்று அதைக் கோல்பேர் தன் ஷோவிலேயே லஞ்சம் என்று நக்கலடித்தார். 17ஆம் தேதி, 2026 மே மாதத்தோடு ஷோ முடியும் என்று சிபிஎஸ் அறிவித்தது. 24ஆம் தேதி பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் என்ற படக் கம்பெனியோடு இணைய அதே ஒலிபரப்பு ஆணையம் அனுமதி தந்தது.

இது முழுக்கப் பண விஷயம் என்றது சிபிஎஸ். அந்த அறிக்கையில் தொகை எதுவும் இல்லை. வருஷத்துக்கு 4 கோடி டாலர் நஷ்டம் என்று எல்லா இடத்திலும் ஓடியதே, அது பெயர் சொல்லாத ஆட்கள் பத்திரிகைக்குச் சொன்னது. பொய் என்று சொல்லவரவில்லை. இரவு டிவிக்கு விளம்பரம் இளைத்தது ஊரறிந்த விஷயம். ஆனால் கடையை மூடுகிறவர் கணக்கு நோட்டைக் காட்டாமல் பக்கத்துக் கடைக்காரரை விட்டு நஷ்டத் தொகையைச் சொல்ல வைத்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நஷ்டமும் நிஜம், நேரம் பார்த்து வெட்டியதும் நிஜம் என்பது என் கணிப்பு.

சூலூர்: பார்வையாளர் எண்ணிக்கை ஒவ்வொரு செய்தியில ஒவ்வொண்ணா இருக்குதுங்களே?

ஆர்டர் பீஸ், கட்டிங் பீஸ், ஷிப்மென்ட் பீஸ் மூன்றும் ஒரே நம்பரா? அந்த மாதிரிதான். டிவி பார்ப்பவர்களை எண்ணும் நீல்சன் கம்பெனியின் கணக்கிலேயே அன்று மட்டும் பார்த்தவர்கள் தனி, ஏழு நாளுக்குள் பதிவு செய்து பார்த்தவர்களையும் சேர்த்தால் தனி. 18 முதல் 49 வயதுவரை என்று இன்னொன்று, விளம்பரக்காரர்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் இதைப் பார்த்து. யூடியூப் எண்ணிக்கை இதில் எதிலும் சேராது. ஜெயித்ததாகச் சொல்ல வேண்டியவர் தனக்குத் தோதான நம்பரை எடுத்துக்கொள்வார்.

அவிநாசி: அப்ப எந்தப் பத்திரிகையத்தான் நம்பறதுங்க?

பத்திரிகையைவிட, தகவல் யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். 2010இல் டுநைட் ஷோவை நள்ளிரவு 12.05க்குத் தள்ள என்பிசி டிவி நினைத்தபோது, அதை நடத்திய கோனன் ஓ’பிரையன் தன் பெயர் போட்டு ‘பூமியின் மக்களே’ என்று ஒரு கடிதம் வெளியிட்டு மறுத்தார். அது சாட்சி. அதே வாரம் ‘நெருங்கிய வட்டாரங்கள்’ சொன்னதில் பெரும்பாலும் இரு தரப்பின் ஆட்களும் வக்கீல்களும் பேரம் பேசியதுதான். 1905இலிருந்து வரும் வெரைட்டி போன்ற தொழில் பத்திரிகைகளுக்கு உள்விவகாரம் நன்றாகத் தெரியும். ஆனால் எம்மி என்ற டிவி விருதுக்கு ஓட்டுப்போடும் ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் அங்கே விருது விளம்பரமும் நிறைய, பாராட்டுக் கட்டுரையும் நிறைய. அந்த மாதங்களில் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

உடுமலை: நம்மூர்ல ஏன் இப்படி ஒரு ஷோ இல்லீங்க?

கவுண்டமணியைப் பெற்ற பக்கத்துக்காரர் கேட்கும் கேள்வியா இது! நக்கலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. தினமும் புது நக்கலை எழுத ஒரு பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்கவும், மறுநாள் வரும் போன்களைத் தாங்கவும்தான் ஆளில்லை.

காங்கயம்: எனக்கு இங்கிலீஷ் சுமாருங்க. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

முதலில் செய்தி வேண்டாம். யூடியூபில் தொடக்கப் பேச்சைச் சப்டைட்டிலோடு பாருங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம். அப்புறம் அதே பேச்சைப் பற்றி ‘கிழித்தெடுத்தார்’ என்று தலைப்பிட்ட செய்தியைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் எந்த இரண்டு வரியை எடுத்திருக்கிறார்கள், அதற்குக் கூட்டம் சிரித்ததா, ‘ஊ’ என்று இழுத்ததா என்று ஒப்பிடுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு அடுத்த கேள்வியோடு வாங்க.