நாம ஜெயிச்சோம், அவங்க தோத்துட்டாங்க: கேள்வி பதில்

ஓசூர் வாசகர்: சார், என் அணி தோற்றால் அன்றைக்குச் சாப்பாடே இறங்குவதில்லை. விளையாடியது நானில்லையே?

ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்", தோற்றால் "அவங்க சொதப்பிட்டாங்க" என்கிறோம் இல்லையா? உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் இதை அமெரிக்கக் கல்லூரிகளில் ஆராய்ந்து 1976-இல் எழுதினார்கள். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணி ஜெயித்த வாரம், திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வகுப்புக்கு வந்தவர்கள் அதிகம். உங்களுக்குத் தோற்கும்போதும் "நாம" மாறவில்லை, அதனால்தான் வலிக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திருச்சி மாணவி: ஹாஸ்டலில் குலுக்கல் போட்டுத்தான் ஏ பிளாக், பி பிளாக் பிரித்தார்கள். ஒரே மாதத்தில் பேச்சே நின்றுபோச்சு!

குலுக்கலே போதும் அம்மா. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களிடம் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினார். "உனக்குப் பிடித்தது கிளே, அவனுக்குக் காண்டின்ஸ்கி" என்று சொல்லி இரண்டு அணியாக்கினார். உண்மையில் பிரித்தது ரசனையை வைத்து அல்ல, சும்மா. தன் அணியில் யார் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் காசுக்குச் சமமான புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார். தன் அணிக்கு 19, எதிரணிக்கு 25 என்றும் கொடுக்கலாம்; 7, 1 என்றும் கொடுக்கலாம். தன் அணிக்குக் குறைந்தாலும் சரி, அவர்களைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்ற பக்கமே பலர் சாய்ந்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது கலக்கமாகவே இருக்கிறது. தாஜ்ஃபெல் போலந்து யூதர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியாகி, இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தினர் கொல்லப்பட்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு பிளாக்கும் சேர்ந்து சமைக்கிற மாதிரி ஒரு வேலையை இழுத்துப்போட்டுச் செய்து பாருங்கள்.

மதுரை வாசகி: அப்பா பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம். வாசல் நாற்காலியை விட்டு எழுவதில்லை. பழைய ஐடி கார்டைத் தினமும் துடைத்து வைக்கிறார்.

சம்பளத்தோடு "பேங்க்காரர்" என்ற பெயரும் போய்விட்டது, அந்த வலி அது. இங்கிலாந்தில் ஓய்வு பெற்றவர்களைப் பற்றி 2016-இல் வந்த ஓர் ஆய்வில், சங்கம், கிளப் மாதிரி இரண்டு குழுக்களில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகும் இரண்டையும் தக்கவைத்திருந்தால் அடுத்த ஆறு ஆண்டில் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். இரண்டையும் விட்டிருந்தால் 12 சதவீதம். "எங்கேயாவது போய் உட்காருங்கப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். குடியிருப்போர் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ கணக்குப் பார்க்க ஆள் தேடுவார்கள். அவர்களையே வீட்டுக்கு வந்து கேட்கச் சொல்லுங்கள். கார்டு மேசையிலேயே இருக்கட்டும்.