திடீரென்று ஒரு பீரியட் கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளிக்குப் போகிறேன். வழிகாட்டி ஆசிரியர் திடீர் விடுப்பு என்பதால், ஆறாம் வகுப்புக்கு வேற்றினப் பின்னங்களின் (பகுதி எண்கள் வேறுபடும் பின்னங்களின்) கூட்டலை அடுத்த பீரியடே எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியர். கிடைத்த நேரம் லெசன் பிளான் எழுதவே சரியாகப் போனது. வகுப்பிலோ பத்து நிமிடத்தில் பாடம் தீர்ந்துவிட்டது. மறுபடி இப்படி வந்தால் என்ன செய்வது?

பதில்: பத்து நிமிடத்தில் தீர்ந்தது உங்கள் பேச்சுதான். அவசரத்தில் எல்லோரும் 'நான் என்ன சொல்லப் போகிறேன்' என்பதைத்தான் தயாரிக்கிறார்கள். பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைத் தயாரித்திருந்தால் நாற்பது நிமிடம் போதாமல் போயிருக்கும்.

லெசன் பிளானை முழுப் படிவத்தில் எழுத அது நேரமில்லை. நோக்கங்கள், துணைக்கருவிகள், மதிப்பீடு என்று கட்டம் கட்டி ரெக்கார்டில் எழுதுவதை மாலைக்குத் தள்ளுங்கள். முன்கூட்டியே கையெழுத்து வேண்டும் என்று உங்கள் கல்லூரி கேட்டால், அரைப்பக்கக் குறிப்பைத் தலைமையாசிரியரிடம் காட்டிவிட்டுப் போனால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

முதல் வேலை, அந்த வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்ப்பது. ஒன்று நன்றாகப் படிக்கும் பிள்ளையுடையது, மற்றொன்று சுமாராகப் படிப்பவருடையது. ஆசிரியர் எங்கே நிறுத்தினார், மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) வழியா குறுக்குப் பெருக்கலா, எதைப் பழக்கியிருக்கிறார் என்பதெல்லாம் கடைசி இரண்டு பக்கங்களிலேயே தெரிந்துவிடும். அவர் ஒரு முறையில் போட்டுக்கொண்டிருக்க நீங்கள் வேறொன்றில் இறங்கினால், அவர் திரும்பி வரும்போது பிள்ளைகள் இரண்டையும் கலந்து வைத்திருப்பார்கள்.

அடுத்து, மணி அடிக்கும்போது எல்லோரும் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டிய கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1/4 + 2/3 என்று வைத்துக்கொள்வோம். பாடம் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு உதவாததை எல்லாம், அது பாடநூலில் இருந்தாலும், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம்: பிள்ளைகள் எங்கே தவறுவார்கள்? இந்தப் பாடத்தில் அது எல்லா ஊரிலும் ஒரே தவறுதான். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என்பார்கள். அதைத் திருத்த அவசரப்படாதீர்கள், பாடத்தையே அங்கிருந்து தொடங்கலாம். விடையைக் கரும்பலகையில் எழுதி, "2/5 பெரியதா, 1/2 பெரியதா?" என்று கேளுங்கள். 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், எப்படிக் குறைந்தது? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பயிற்சி ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கவனித்தபடி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

துணைக்கருவி என்று சார்ட் தேடி ஓட வேண்டாம், ரஃப் நோட்டுத் தாள் போதும். ஆளுக்கொரு தாளைக் குறுக்கே இரண்டாகவும் நெடுக்கே மூன்றாகவும் மடிக்கச் சொன்னால் ஆறு கட்டம் கிடைக்கும். மேல் வரிசை முழுவதும் அரை, அதாவது மூன்று கட்டம். மூன்றில் ஒரு பங்கு இரண்டு கட்டம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றதும் பிள்ளைகள் ஒரு நெடுவரிசையை நிழலிடுவார்கள். அதில் ஒரு கட்டம் ஏற்கெனவே நிழலிட்டதாக இருக்கும், மொத்தம் நான்குதான் வரும். அதனால் அந்த இரண்டு கட்டத்தையும் கீழ் வரிசையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அப்போது ஐந்து கட்டம், 5/6. வகுப்புக்குப் போகும் முன் நீங்களே ஒரு தாளை மடித்துப் பார்த்தால் இதுபோன்ற பொறிகள் முன்பே தெரியும். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தாளில் பார்த்ததைக் கரும்பலகையில் 3/6 + 2/6 என்று எழுதிக் காட்டியபின் மீ.சி.ம.வுக்கு வாருங்கள். ஆறு எங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்வார்கள். பிறகு மூன்று கணக்கு, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து. 1/2 + 1/4-க்குச் சிலர் பகுதியை 8 ஆக்கி 6/8 என்பார்கள். அது தவறில்லை, சுருக்கினால் 3/4தான். தவறென்று அடித்துவிடாதீர்கள்.

நேரம் மிஞ்சினால் கைவசம் ஒரு கேள்வி இருக்கட்டும்: அதே தாளில் மிச்சமிருக்கும் கட்டத்தையும் சேர்த்தால்? 1/2 + 1/3 + 1/6, முழுத் தாள். நேரம் போதாவிட்டால் மூன்று கணக்கில் ஒன்றைக் குறையுங்கள், கடைசிக் கணக்கை மட்டும் விடாதீர்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே 1/4 + 2/3-ஐத் துண்டுத் தாளில் பெயரோடு போடச் சொல்லி வாங்கிவிடுங்கள். 11/12 எழுதியவர்கள் ஒரு கட்டு, 3/7 எழுதியவர்கள் ஒரு கட்டு, மற்றவை ஒரு கட்டு. விடுப்பு முடிந்து வரும் ஆசிரியரிடம் அதைக் கொடுங்கள். ரெக்கார்டில் மதிப்பீடு என்ற தலைப்பின் கீழ் எழுதவும் அந்தத் துண்டுத் தாள்களே போதும்.